பாடிப் போகிறவனின் முகம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாடகம், சினிமா நடிப்பு பற்றி உங்கள் தளத்தில் நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். இப்போதுதான் எழுதத் துணிவு வந்தது.

எனக்கு 23 வயது. கடலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். ஏழாம் வகுப்பிலிருந்து கபடி. விளையாட்டு விடுதியில் தங்கிப் படித்தேன். கல்லூரியில் பல்கலைக்கழக அணிக்கு ஆடினேன். நான் ரெய்டர், எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவன். போன வருடம் ஒரு மேட்சில் காலைப் பிடித்துத் திருப்பியதில் வலது முழங்காலில் ஏசிஎல் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து இப்போது நடக்கிறேன், மெதுவாக ஓடுகிறேன். ஆனால் பழைய திருப்பம் வரவில்லை. கோச்சுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

இதற்கிடையில் நண்பன் எடுத்த குறும்படத்தில் ரவுடியாக நடித்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் "ஸ்க்ரீன்ல நல்லா நிக்கிறடா" என்றார்கள். அன்றிலிருந்து மனசு வேறு எதிலும் ஒட்டவில்லை. சென்னையில் ஒரு கோ-ஆர்டினேட்டரிடம் போட்டோ கொடுத்தேன். "உடம்பு இருக்கு, ஃபைட் சீன்ல கும்பல்ல நிறுத்தலாம்" என்றார். இன்னொருவர், 40,000 ரூபாய் கட்டினால் ஹீரோவின் நண்பன் வேடம் உறுதி என்கிறார். ஒரு ஆடிஷனுக்கும் போனேன். வசனத்தைப் பிழையில்லாமல் சொன்னேன். அங்கிருந்த உதவி இயக்குநர், "தம்பி, முகத்துல ஒண்ணுமே தெரியலையே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கோச், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குப் போ என்கிறார். அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். விளையாட்டிலிருந்து வந்தவனுக்கு நடிப்பு வருமா ஐயா? வந்தாலும் அடியாளாகத்தான் நிற்க வேண்டுமா? 23 வயதில் ஆரம்பிப்பது தாமதமா? எங்கிருந்து தொடங்குவது?

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

"முகத்துல ஒண்ணுமே தெரியலையே" என்ற அந்தப் பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மற்ற கேள்விகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. அந்த உதவி இயக்குநர் பார்த்தது சரி. ஆனால் அதை வைத்து உங்களுக்கு நடிப்பு வராது என்று நீங்கள் முடிவு கட்டினால் அது தவறு. நீங்கள் நல்ல ரெய்டராக இருந்ததுதான் முகத்தில் ஒன்றும் தெரியாமல் போனதற்குக் காரணம்.

பாடிப் போகிற ஒருவனை நினைத்துப் பாருங்கள். நடுக்கோட்டைத் தாண்டிவிட்டான். எதிரே ஏழு பேர். கையில் இருப்பது 30 விநாடியும் ஒரு மூச்சும். அவன் தொட நினைத்திருப்பது இடது ஓரத்தில் நிற்கும் கார்னரை. ஆனால் கண் வலப்பக்கம் சற்று உள்ளே நிற்கும் கவரைப் பார்க்கிறது, தோள் அந்தப் பக்கமே சாய்கிறது. போன ரெய்டில் கணுக்காலில் அடி பட்டிருக்கும். வலி தெரிந்தால் அடுத்த பிடி அந்தக் காலில்தான் விழும் என்பதால் சமமாக ஊன்றி நடக்கிறான். பயம் இருக்கும், காட்டக் கூடாது. திட்டம் இருக்கும், காட்டக் கூடாது. ஏழாம் வகுப்பிலிருந்து பத்து வருடத்துக்கு மேலாக நீங்கள் பயின்றது இதைத்தான். உள்ளே நடப்பதில் துளிகூட முகத்துக்கு வராமல் அடக்குவது உங்கள் கலையில் பாதி. அந்த முகத்தோடுதான் கேமரா முன்னால் போய் நின்றிருக்கிறீர்கள்.

நடிப்பு கேட்பது நேர் எதிரானது. எதிரே நிற்பவன் சொல்வது உங்களைத் தொட வேண்டும், தொட்டது தெரிய வேண்டும். அதற்காக அழுது புரண்டு காட்ட வேண்டியதில்லை, தெரிவதைத் தடுக்காமல் இருந்தால் போதும். விளையாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நடிப்பில் ஆகக் கடினமான இடம் இதுதான் என்பது என் அனுபவம். உடம்பை வளைப்பது, வசனத்தை மனப்பாடம் செய்வது, வெயிலில் பத்து மணி நேரம் நிற்பது எல்லாம் உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. யாரோ ஒருவர் முன்னால் காவலை இறக்கி வைப்பதுதான் பெரும்பாடு.

சில படங்களுக்கு வசனம் எழுதியிருக்கிறேன் என்பதால் ஆடிஷன்களில் ஓரமாக உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்ததுண்டு. வளசரவாக்கத்தில் ஒரு படக் கம்பெனி அலுவலகத்துக்கு வாலிபால் ஆடிக்கொண்டிருந்த ஒரு பையன் வந்திருந்தார். நல்ல உயரம். கொடுத்த சூழல் இது: அண்ணன் கடன் வாங்கிவிட்டு ஓடிவிட்டான், கடன் கொடுத்தவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார், தம்பி அவரிடம் பேச வேண்டும். பையன் முதல் தடவை பேசியபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது, இரண்டு கையும் முஷ்டியாக இறுகியிருந்தன. "அடுத்த மாசம் தந்துடறேன்" என்பதைச் சண்டைக்கு அழைக்கிற குரலில் சொன்னார். இரண்டாவது தடவையும் அப்படியே.

அங்கிருந்த உதவி இயக்குநர் ஒரு பெண். அவர் ஒன்றும் விளக்கவில்லை. விளிம்பு வரை ஊற்றிய சூடான டீ கிளாஸ் ஒன்றை அந்தப் பையன் கையில் கொடுத்து, "அவருக்குக் கொடுக்கத்தான் எடுத்துட்டு வந்தீங்க. ஆனா அவர் வாங்க மாட்டேங்கறார். சிந்தாம பேசுங்க" என்றார். அவ்வளவுதான். முஷ்டி மடக்க முடியவில்லை. கிளாஸைப் பார்க்க வேண்டியிருந்ததால் கண் தாழ்ந்தது. தோள் இறங்கியது. சூடு பொறுக்காமல் கை மாற்றினார், நடுவில் வார்த்தை தடுக்கியது. அதே வசனம்தான், இந்த முறை அதில் அவமானம் இருந்தது. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. அவருக்கு மட்டும் தெரியவில்லை. "சாரி, இன்னொரு தடவை பண்ணட்டுமா?" என்று கேட்டார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் முகத்தில் உணர்ச்சி இல்லாமல் இல்லை என்று நீங்கள் நம்ப வேண்டும். உடம்புக்கு ஒரு வேலை கொடுத்தால் முகம் தானாக அவிழும். விளையாட்டுக்காரரின் உடம்புக்கு வேலை செய்யத்தான் தெரியும், சும்மா நின்று உணரத் தெரியாது. அதனால் வேலையின் வழியாகவே உள்ளே போகலாம். வீட்டில் பழகும்போது வெறும் கையோடு வசனம் சொல்லாதீர்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லுங்கள், சைக்கிள் டயருக்குக் காற்றடித்துக்கொண்டே சொல்லுங்கள். அம்மாவையோ தம்பியையோ எதிரே உட்காரவைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்லுங்கள். கண்ணாடி முன்னால் நின்று பழகுவதை மட்டும் விட்டுவிடுங்கள். கண்ணாடியில் நீங்கள் உங்களைத்தான் பார்ப்பீர்கள், எதிராளியைப் பார்க்க மாட்டீர்கள்.

வருமா என்று கேட்கிறீர்கள். நம் கண்முன்னாலேயே வந்திருக்கிறது. ரித்திகா சிங் கிக்பாக்ஸிங்கும் கலப்புத் தற்காப்புக் கலையும் ஆடியவர், மும்பைப் பெண். சுதா கொங்கரா இயக்கிய 'இறுதிச்சுற்று' 2016இல் வந்தபோது அதற்கு முன் பெரிய நடிப்பு அனுபவம் எதுவும் அவருக்கு இல்லை. தேசிய விருதுகளில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அந்தப் படத்தைத் திரும்பப் பாருங்கள். ரிங்கில் அவர் குத்துவதைவிட முக்கியமான ஒன்று தொடக்கத்தில் இருக்கிறது. மதி என்ற அந்தப் பெண் மீன் விற்பவள், முறையாகப் பயிற்சி எடுத்தவள் அக்காதான். மதியின் கைவீச்சு தாறுமாறாக இருக்க வேண்டும். பல வருடம் பயின்ற ஒரு வீராங்கனை, பயிலாதவளைப் போல வீச வேண்டியிருந்தது. தன் உடம்பில் ஊறியிருந்த ஒழுங்கை அவர் அங்கே கலைத்துக் காட்டினார். அது சண்டைத் திறமை இல்லை, நடிப்பு.

விஷ்ணு விஷாலின் கதை உங்களுடையதற்கு இன்னும் கிட்டே வருகிறது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீக் ஆட்டங்களில் ஆடிக்கொண்டிருந்தவர். காலில் காயம், கிரிக்கெட் நின்றது. 2009இல் சுசீந்திரனின் 'வெண்ணிலா கபடிகுழு'வில் அறிமுகமானார். கிரிக்கெட் வீரருக்குக் கிடைத்தது கபடி ஆட ஏங்கும் ஒரு கிராமத்து ஏழைப் பையனின் வேடம். தன் ஆட்டமான கிரிக்கெட்டையே மையமாகக் கொண்ட 'ஜீவா', அதே இயக்குநரிடமிருந்து ஐந்து வருடம் கழித்து, 2014இல்தான் வந்தது. மாரிமுத்து என்ற அந்தப் பையனின் தயக்கமும் ஒதுங்கி நிற்கும் உடம்பும் பேட் பிடித்துக் கிடைத்தவை அல்ல. ஆட முடியாமல் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கும் இப்போது அது தெரியும். கடிதத்தில் நீங்கள் ஜெயித்த மேட்ச் பற்றி ஒரு வரிகூட இல்லை. "பழைய திருப்பம் வரவில்லை, கோச்சுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்று எழுதியிருந்தீர்கள். அதை எழுதியவனுக்கு நடிக்க விஷயம் இருக்கிறது.

அடுத்தது அடியாள் கேள்வி. இதில் உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. உடம்புதான் உங்களை உள்ளே கூப்பிடும், உள்ளே போனபின் அந்த உடம்பைத் தாண்டி உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். பிரவீன் குமார் சோப்தி 1966, 1970 இரண்டு ஆசிய விளையாட்டுகளிலும் வட்டு எறிதலில் தங்கம் வென்றவர், ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டவர். தூர்தர்ஷன் மகாபாரதத்தில் பீமனாக வந்தபோது நாடே அவரைப் பார்த்தது. நமக்கு அவர் 'மைக்கேல் மதன காமராஜ'னின் பீம். கடைசி வரை அந்த ஆகிருதிக்குத்தான் வேடம் கிடைத்தது. அந்த முகத்தில் ஒரு குழந்தைத்தனம் இருந்தது, அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

ஐ.எம். விஜயன் விஷயத்தில் எனக்கு வருத்தமே உண்டு. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன், கேரள போலீஸ் அணிக்குள் வந்து, இந்தியக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர். மலையாள இயக்குநர் ஜெயராஜ் தன் 'சாந்தம்' படத்தில் அவரை நாயகனாக்கினார். அரசியல் பகையில் நண்பனையே கொன்றுவிட்டு, அந்தக் குற்றத்தோடு உட்கார முடியாமல் தவிப்பவன் வேடம். அந்தப் படம் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. பந்தோடு ஓடிய ஒரு மனிதரிடம் ஓட்டமில்லாத வேடத்தைக் கொடுக்க ஜெயராஜுக்குத் தோன்றியது. நாம் என்ன செய்தோம்? 2006இல் 'திமிரு', 2015இல் 'கொம்பன்' என்று அவரை முறைக்கவும் வெட்டவும் வைத்தோம். அதையும் அவர் குறை வைக்காமல்தான் செய்தார். ஆனால் அந்தக் கண்ணில் இருந்த குற்றவுணர்வைப் பார்த்தவர்களுக்கு இது போதாது. ஆகவே அடியாள் வேடம் வந்தால் மறுக்காதீர்கள். ஆனால் அந்த அடியாளுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், முதலாளி கூப்பிட்டால் பயமா பெருமையா என்று உங்களுக்குள் முடிவு செய்துகொண்டு நில்லுங்கள். கும்பலில் நிற்கும் பத்துப் பேரில் ஒருவன் மட்டும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தால் எடிட்டிங் மேசையில் அது தெரியும்.

வயதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். லினோ வெந்துரா என்ற நடிகரைத் தேடிப் பாருங்கள். இத்தாலியில் பிறந்து பிரான்சில் வளர்ந்த மல்யுத்த வீரர். 1950இல் ஐரோப்பிய சாம்பியன். காயத்தால் மல்யுத்தம் முடிந்தது. முதல் படம் 1954இல், அப்போது அவருக்கு 34 வயது. கிடைத்தது கொள்ளைக் கும்பல்காரன் வேடம்தான், பின்னும் பல வருடம் ரவுடியும் போலீஸுமாகவே போயிற்று. 1969இல் ழான்-பியேர் மெல்வில் எடுத்த 'ஆர்மி ஆஃப் ஷாடோஸ்' படத்தில் அவர் மூக்குக் கண்ணாடி போட்ட இன்ஜினியர். நாஜிகளுக்கு எதிராகத் தலைமறைவாக வேலை செய்யும் அமைதியான நடுவயது மனிதர். ஒரு காட்சியில் கைதிகளை ஒரு நீண்ட கூடத்தில் நிறுத்தி, "ஓடுங்கள், சுவரைத் தொட்டவன் இப்போதைக்குப் பிழைப்பான்" என்பார்கள். பின்னால் இயந்திரத் துப்பாக்கி. ஓடக் கூடாது என்று அவர் முடிவு செய்து நிற்கிறார். அந்த அகன்ற கழுத்தும் தோளும் நகராமல் நிற்கின்றன, ஆனால் உள்ளே ஓட்டம் தொடங்கிவிட்டது நமக்குத் தெரிகிறது. மறைக்கவும் செய்கிறார், மறைப்பதை நாம் பார்க்கவும் விடுகிறார். கபடியில் நீங்கள் கற்ற அடக்கம் வீணாகப் போகாது என்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய சாட்சி அந்த நிமிடங்கள்தான். முதலில் திறக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு பழைய அடக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியவரும்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், உங்கள் ஊரிலிருந்து. கடலூர், விழுப்புரம் பக்கம் பிறந்துவிட்டு நடிப்புக் கற்க இடம் தேடுகிறீர்கள்! திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்து நடக்கிற மண் அது. நீங்களும் சின்ன வயதில் மணலில் படுத்துத் தூங்கிக்கொண்டே பார்த்திருப்பீர்கள். இப்போது விழித்திருந்து பாருங்கள். கட்டை வேஷம் கட்டியவர் மரக் கிரீடமும் புஜக்கட்டையும் சுமந்துகொண்டு சுழன்று ஆடிவிட்டு, மூச்சு வாங்காமல் அடுத்த பாட்டை எடுப்பார். அவரும் ஒரே மூச்சில் பாடிப் போகிறவர்தான். அந்த மூச்சு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், வாத்தியாரிடம் போய்க் கேளுங்கள், அடவு என்கிற ஆட்ட அசைவுகளைச் சொல்லித் தருவார். முழங்கால் நிலைமையை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆட முடியாத நாளில் பின்பாட்டுக்கு நில்லுங்கள், குரல் திறக்கும். நம் படங்களில் இன்றும் பெரும்பகுதி டப்பிங்தான். இருட்டறையில் மைக் முன்னால் நின்று, மூன்று மாதம் முன்பு ஓடிய ஓட்டத்தின் மூச்சிரைப்பை மீண்டும் கொண்டுவர வேண்டும். அதில் நீங்கள் மற்றவர்களைவிட முன்னால் நிற்பீர்கள். கடலூர்ப் பேச்சை மாற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

சென்னைக்கு வரும்போது கூத்துப்பட்டறை போன்ற நாடகக் குழுக்களின் பட்டறைகளில் சேரப் பாருங்கள். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய அந்த இடத்தின் வேரே தெருக்கூத்துதான். பசுபதி அங்கிருந்து வந்தவர். 'சார்பட்டா பரம்பரை'யில் அவர் குத்துச்சண்டை வாத்தியாராக ரிங்குக்கு வெளியே நிற்பதைப் பாருங்கள். அவர் வீரரில்லை, நடிகர். ஆனால் ஒரு பழைய வீரரின் உடம்பு எப்படி உட்காரும், எப்படி எழுந்திருக்கும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார். நீங்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே இடத்துக்கு வர வேண்டும்.

40,000 ரூபாய் கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேடத்துக்கு நடிகருக்குத்தான் பணம் தருவார்கள், நடிகரிடம் வாங்க மாட்டார்கள். அவருடைய போன் நம்பரை அழித்துவிடுங்கள்.

அடியாள் வேடத்தை மறுக்காதீர்கள் என்றேன், ஆனால் குதித்து விழ வேண்டிய ஃபைட்டர் கும்பலுக்கு இப்போது போகாதீர்கள். சண்டைக் கலைஞர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, அதனாலேயே சொல்கிறேன். அது பயிற்சியும் சங்கமும் உள்ள தனித் தொழில், ஆபத்தான தொழில். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த ஒரு படப்பிடிப்பில் கார் பாயும் காட்சியில் அனுபவம் மிக்க கலைஞர் ஒருவரே உயிரிழந்தார். ஏசிஎல் ஆபரேஷனுக்குப் பின் திரும்பித் தாவும் அசைவுகளுக்குக் குறைந்தது 9 மாதமாவது விட வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. அதுவும் பிசியோதெரபியை ஒழுங்காகச் செய்தால்தான். கும்பலில் நிற்பவரின் முழங்காலைப் பற்றிப் படப்பிடிப்பில் யாரும் கேட்க மாட்டார்கள். "ஜம்ப் பண்ணு" என்பார்கள். விளையாட்டுக்காரர் என்பதால் நீங்களும் வலியை மறைத்துக்கொண்டு குதித்துவிடுவீர்கள்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். ஆட்டத்தில் தொட்டால் புள்ளி, பிடிபட்டால் வெளியே, எல்லாமே அந்த நொடியில் தெரிந்துவிடும். இங்கே ஆடிஷன் கொடுத்துவிட்டு வந்தால் வேண்டாம் என்பதைக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். வேறு முகம் தேவைப்பட்டிருக்கும், படமே நின்றுபோயிருக்கும், காரணம் உங்கள் காதுக்கு வராது. விளையாட்டிலிருந்து வந்த சில பையன்கள் இந்த மௌனத்தில்தான் உடைந்து போனார்கள். நானே பார்த்தேன்.

அதனால் கோச் சொல்வதைக் கேளுங்கள். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. உங்கள் சான்றிதழ்களுக்குக் காலக்கெடு உண்டா என்று இந்த வாரமே அவரிடம் கேட்டு விண்ணப்பியுங்கள். வேலை கிடைத்தால் நடிப்பு போய்விடும் என்று பயப்பட வேண்டாம். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவர் மோசமான வேடத்தை மறுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை நாடக ஒத்திகைக்குப் போகலாம். விஜயன் போலீஸ் உத்தியோகத்தில் இருந்தவர், பிரவீன் குமார் எல்லைப் பாதுகாப்புப் படையில் இருந்தவர்.

அப்பாவிடம் சினிமாவைப் பற்றி வாதாடாதீர்கள். தேர்வு எழுதப்போவதாகச் சொல்லுங்கள், உண்மையாகவே எழுதுங்கள். உங்கள் காலில் அடி பட்ட நாளிலிருந்து அவரும் ஏதோ ஒன்றை மறைத்துக்கொண்டுதான் நடமாடுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த கூத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குறும்படத்தின் லிங்க்கை அனுப்பிவையுங்கள், பார்த்துவிட்டுத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்.